உள்ளே நகலாகாத பட்டியல்

அலுவலகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறாள் என்று அவளுடைய அண்ணனே வைத்த பட்டம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் அந்தச் சின்ன நிறுவனம் அவனுடையது. அவள் அங்கே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவள்.

ஒரு திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தது ஒரே ஒரு நோயாளிக்கு; ஆனால் அன்று சேர்ந்த பதினொரு பேரின் பதிவிலும் அது ஏறியிருந்தது. கவனக்குறைவு என்று நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அண்ணனும் ‘பதிந்தவரின் தவறு’ என்று அறிக்கை எழுதி, சோதித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லி அவள் மேஜையில் வைத்தான்.

அவள் போடவில்லை. நிரலைத் திறந்து பார்த்தாள். புது நோயாளி வரும்போதெல்லாம் ஒரு மாதிரிப் பதிவை, அந்த மொழியில் நகலெடுக்கும் குறியான மூன்று புள்ளியை வைத்து நகலெடுத்து, அவருடைய பெயரையும் வயதையும் அதில் இணைத்திருந்தார்கள். அப்படி எடுக்கும் நகல் மேலடுக்கை மட்டும்தான் புதிதாக்கும். பெயரும் வயதும் தனித்தனி. உள்ளே கிடந்த ஒவ்வாமைப் பட்டியலோ எல்லாருக்கும் ஒன்றே. ஒருவருக்கு எழுதினால் அத்தனை பேருக்கும் எழுதியதாகிவிடும். அந்த வரியை எழுதியவன் அண்ணன்.

நேரே அவன் அறைக்குப் போனாள்.

“அண்ணா, தப்பு நர்ஸ் மேல இல்ல. நம்ம மேல.”

அவள் காட்டிய வரியைப் பார்த்தவனுக்கு முகம் சுண்டிப்போனது. “சரி, சத்தமில்லாம திருத்திடு. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இப்பப் போய் வாயைத் திறக்காதே.”

“திருத்தியாச்சு. இனிமே உள்பட்டியலும் சேர்ந்து நகலாகும். அந்தப் பொண்ணோட வேலைக்கு யார் பதில் சொல்றது?”

“நீ எனக்குத் தங்கச்சியா, அவளுக்கு வக்கீலா?”

“நீதானே அப்படிக் கூப்பிடறே.”

மறுநாள் மருத்துவமனையில் நடந்த விசாரணைக் கூட்டத்துக்கு அண்ணன் போனான்; அவளும் யாரும் அழைக்காமலே போய் உட்கார்ந்தாள். பழைய நிரலை ஓடவிட்டு, இரண்டு பொய் நோயாளிகளை உருவாக்கினாள். முதல் ஆளுக்குப் பென்சிலின் என்று தட்டிவிட்டு இரண்டாவது ஆளின் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் பென்சிலின்.

“இது அவங்க கை செஞ்சது இல்லீங்க. நாங்க எழுதின வரி செஞ்சது.”

தலைமை மருத்துவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தண்ணீர் குடித்துவிட்டு, “ஆமா, நான் எழுதினதுதான்” என்றான்.

நர்ஸ் புதன்கிழமையே வேலைக்குத் திரும்பினாள். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும் நீண்டது; பழைய பதிவுகள் அத்தனையையும் சரிபார்த்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த மேஜையில் அமர்ந்து அவற்றைச் சரிபார்த்தார்கள். வேலையைத் தவிர அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது வாரம் அண்ணி போன் செய்தாள். “ஒரு மன்னிப்பு கேட்டுடேன்மா. வீட்லயும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்காரு.”

“தப்பு செஞ்சா கேக்கறேன் அண்ணி” என்று போனை வைத்துவிட்டு அடுத்த பதிவைத் திறந்தாள்.