புலவருக்குக் கொண்டுபோன கூழ்

நண்பன் அருளப்பனை அடக்கம் செய்த மறுநாள், அவன் மனைவி லூர்து கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். கள்ளக்குறிச்சிக்கு வந்ததிலிருந்து நான் எதுவும் உண்ணவில்லை. மோரின் புளிப்பும் நறுக்கிய வெங்காயமும் கலந்த மணம் எழுந்தது. எனக்குத் திருக்கோவிலூரில் கழிந்த பத்தாம் வயது திரும்பியது.

தென்பெண்ணையின் நடுவே நிற்கும் பாறையில், நண்பனை இழந்த பழம்புலவர் ஒருவர் பட்டினி கிடந்து உயிர்விட்டதாக அன்று வகுப்பில் சொன்னார்கள். மதியம், அருளப்பன் தன் கூழ்த்தூக்கோடு ஆற்றில் இறங்கினான். நான் பின்னால் ஓடினேன்.

“பாவம்டா, மனுசன் பட்னியா கீறாரு. ஊர்ல ஒருத்தர்கூட இன்னா ஏதுன்னு கேக்கல.”

“அவரு ராசா காலத்து ஆளுடா, லூசு! செத்து எவ்ளோ காலமாச்சி!”

முழங்கால் தண்ணீரில் நின்று யோசித்தான். பிறகு பாறையேறி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான்.

“நான் செத்தா நீ இன்னா பண்ணுவ?”

“நானும் பட்னி கெடப்பேன்.”

“போடா! வெறும் வயித்தோட எவ்ளோ நேரம் அழுவ? குடிச்சிட்டு அழுவு.”

“குடிங்கண்ணா,” என்று லூர்து மீண்டும் சொன்னாள். சொம்பை வாங்கி முழுவதையும் குடித்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.