வெண்கட்டியால் வரைந்த வட்டம்

கல்லூரி மண்டபச் சுவரில் அந்த உலகப்படம் வரையப்பட்டபோது, நான் புவியியல் பகுதித் தலைவராகப் பதினொரு ஆண்டுகள் கடமையாற்றியிருந்தேன். வலிகாமத்தில் என் வினாத்தாள்களைக் கேட்டு வாங்காத பாடசாலைகள் குறைவு. தேசப்பட விடயத்தில் அதிபரும் என் சொல்லைத் தாண்டியதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னர் நான் செய்தது அறியாமையால் நேர்ந்தது என்று எவரும் எனக்குச் சலுகை காட்டக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

படத்தை வரைந்தவர் நெல்லியடிப் பக்கத்திலிருந்து வந்த உதவி ஆசிரியர். பாடசாலை விட்ட பின் ஏணியில் நின்று, இரண்டு மாதங்கள் தனியாகவே வரைந்தார். கடல், நிலம், மத்தியகோடு, கடகக்கோடு எல்லாம் எனாமல் பெயின்ற். முனைவுப் பிரதேசங்களைப் பிரிக்கும் ஆட்டிக், அந்தாட்டிக் வட்டங்களை மட்டும் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியால் கீறியிருந்தார். வேலை இன்னும் முடியவில்லை என்றே சில வாரங்கள் எண்ணியிருந்தேன். கல்வித் திணைக்களப் பரிசோதகர்கள் வருவதற்கு முதல்நாள், ஆசிரியர் கூட்டத்தில் அவரிடம் காரணம் கேட்டேன்.

"அந்தக் கோடுகள் நகருது சேர். பூமியின்ரை அச்சுச் சரிவு மாற மாற, வருசத்துக்குப் பத்துப் பதினைஞ்சு மீற்றர் முனைவுப் பக்கமாப் போகுது. பெயின்ற் அடிச்சால், நிக்கிற கோடு எண்டு பிள்ளையள் நினைச்சிடுவினம்."

"அப்ப கடகக்கோடு?"

"அதுவும் நகருதுதான் சேர். பெயின்ற் காய்ஞ்ச பிறகுதான் எனக்கு யோசினை வந்தது."

சிலர் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகை அவர் பக்கம் சாய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆட்டிக் வட்டம் அறுபத்தாறரைப் பாகை எண்டு படிச்சுத்தான் நாங்கள் எல்லாரும் பாஸ் பண்ணினது. இவர் ஏணியிலை நிண்டு பூமியை அசைக்கிறார். விழுந்திடாதையும், தம்பி."

எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார்.

அன்று மாலையே நூலகத்தில் பழைய நூலொன்றைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. நூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பியூனை அழைத்து இரு வட்டங்களின் மேலும் சிவப்புப் பெயின்ற் அடிப்பித்தேன். மறுநாள் பரிசோதகர்கள் கோடுகளின் நேர்த்தியைப் பாராட்டினார்கள். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

'ஏணி மாஸ்ரர்' என்ற பட்டம் மாணவர் வரை போயிற்று. அடுத்த பாடசாலைத் தவணைக்கு முன்பே அவர் இடமாற்றம் கேட்டுப் பெற்றார். விடைபெற வந்தவர் குறை எதுவும் சொல்லவில்லை. "வாறன் சேர்" என்றார். 'நீர் சொன்னது சரி' என்ற மூன்று சொற்கள் என் வாயில் இருந்தன. "ஓம், போட்டு வாரும்" என்றேன். பல ஆண்டுகளுக்குப் பின், அவருடைய மரண அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்தேன்.

இவ்வாண்டு பழைய மாணவர் மலர் வந்தது. வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்யும் ஒருவர், ஆட்டிக் வட்டத்தைக் குறிக்கும் கல்லருகே நின்று எடுத்த படத்துடன் எழுதியிருக்கிறார்: இந்தக் கோடு நகரும் என்பதற்காகவே அதை வெண்கட்டியால் வரைவித்தவர் எங்கள் புவியியல் தலைவர், என்று. பக்கத்தில் என் படம். தொலைபேசியில் வாழ்த்தியவர்களுக்கு மூன்று நாட்கள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று மண்டபத்துக்குப் போனேன். கடலின் நீலம் வெளிறிவிட்டது. சிவப்புக் கோடுகள் நான் அடிப்பித்த இடத்திலேயே நிற்கின்றன.

மலரில் உள்ளது தவறு. வெண்கட்டியால் வரைந்தவர் அந்த உதவி ஆசிரியர். அதன்மேல் பெயின்ற் அடிப்பித்தவன் நான்.