மொட்டை போட்ட அப்பனும் ஏகாம்பரம் ஏட்டையாவும்

நம் கோயில் மலையடிவார வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது: ‘ஏகாம்பரம் ஏட்டையா தவறிட்டார்.’ கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு கூசியது. அவரைச் சந்தி சிரிக்க வைத்த வீடியோவை ஊரெல்லாம் அனுப்பியதும் இதே குழுதான்.

குழுவில் உள்ள உங்களுக்கெல்லாம் அவர் வாய் தெரியும். தேங்காய்க் கடையைப் பாதையில் இழுத்துப் போட்டால், “இன்னா மொதலாளி, அப்டியே தள்ளிகினு போயி சாமி பக்கத்துலயே கடைய போட்டுடறதுதானே?” என்பார். சங்கிலி அறுப்பு அதிகமாயிருந்த சமயம், சந்தேகப்படும் ஆளை நாமே நாலு தட்டு தட்டுகிறோம் என்று அவரிடம் போய் நின்றோம். “சந்தேகம்னா எங்கிட்ட சொல்லுங்க. அடிக்கறதுக்கு நீங்க யாரு? நானே யாரு?” என்றார். பயந்தாங்கொள்ளி என்று பின்னால் சிரித்தோம்.

பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் புரளி கிளம்பியிருந்த ஒரு கிருத்திகை அன்று, ஆந்திரப் பக்கத்து ஆள் ஒருவர் மொட்டைத் தலையோடு, கதறும் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்தார். குழந்தை அவர் முகத்தைத் தள்ளித் தள்ளி, “நைனா, நைனா” என்று அப்பாவைத் தேடியது. மனைவி செருப்பு எடுக்கப் போயிருந்தார். நாம் எதையும் விசாரிக்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கீழே தள்ளினோம். ஏட்டையா ஓடிவந்து அவர்மேல் கவிழ்ந்து, விழுந்த அடியையெல்லாம் தன் முதுகில் வாங்கினார். எழுந்து லத்தியைச் சுழற்றியதில் நம் கடைக்காரர் ஒருவருக்குத் தோளில் பட்டது.

“மொட்ட போட்டுகினு வந்தா பெத்த கொழந்தைக்கே அடையாளம் தெரியாதுடா! ஒங்களுக்குமா அது தெரியல?” என்று கத்தினார். பிறகு அந்த ஆளிடம் தெலுங்கில், வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கும் பாட்டைப் பாடச் சொன்னார். உதடு கிழிந்திருந்தது. அப்படியே பாடினார். குரல் கேட்டதும் குழந்தை தாவி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மொட்டை போட்ட அப்பனைக் கண்டு அலறும் பிள்ளைகளைத் தினம் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நாம். நமக்குத் தெரியாமல் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது?

வீடியோவில் லத்தி சுழன்றது மட்டும்தான் இருந்தது. ‘பக்தர்களை அடித்த போலீஸ்’ என்று பரப்பினோம். அவரைப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். நடந்ததைச் சொல்ல நம்மில் ஒருவரும் போகவில்லை. அவர் ஓய்வு பெற்றபின் பஸ் நிலையத்தில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு? அந்தாளு மூஞ்சியப் பாத்து எவனாவது ஒரு வார்த்த சொன்னீங்களா?” என்றார்.

துக்கத்துக்கு அந்த ஆளும் மகளோடு வந்திருந்தார். தலை நிறைய முடி, தாடி. ஏட்டையாவின் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அருகில் போனேன். நம் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அவர் சட்டென்று மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஏட்டையாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் பஸ் நிலையத்தில் கேட்ட அந்தக் கேள்விதான். நின்ற இடத்திலேயே நின்று, “தப்பு எங்களுதுங்க” என்றேன். அந்த ஆள் தலையை மட்டும் அசைத்தார். மகளைப் பிடித்திருந்த கையை விடவில்லை.