மாமா வைத்த பேனர்

நான் வயதுக்கு வந்தது வீட்டில் யாருக்கும் வசதிப்படாத நேரத்தில். அண்ணன் இறந்து வருஷம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு முல்லையாற்றில் குளிக்கப் போனவனைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் படுத்தவள்தான் அம்மா. சோறு வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பா திராட்சைத் தோட்டமே கதியென்று கிடந்தார். நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், எனக்கு நானே சடை பின்னிக்கொண்டேன். அழவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் அழுதால் போதும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

துக்க வீட்டில் சடங்கு வைக்கலாமா என்று சொந்தத்துக்குள் பேச்சு நடந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தைதான் அதை முடித்துவைத்தார்.

"நல்லது ஒண்ணு நடந்தாத்தான் மதினி எந்திரிப்பாக. வச்சே தீரணும்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவை எழுப்புவது இனி என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். பதிமூன்று வயதில் புத்தி அப்படித்தான் போகும்.

கூடலூரில் ஜீப் ஓட்டும் தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். கூடவே தெருமுனையில் ஒரு பேனர். மாமாவுக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. நடுவில் என் படம், மேலே ரோஜாப்பூ வட்டத்துக்குள் பள்ளிச் சீருடையில் அண்ணன். கண்ணீர் அஞ்சலிக்கு அடித்த அதே படம், அதே கடை. செத்தவர்களின் ஆசியோடு விசேஷம் நடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அந்த இடம் தாத்தாக்களுக்கு உரியது.

சடங்கன்று அம்மா எழுந்தாள். தலைக்குக் குளித்து, பட்டுக் கட்டி, யாரும் தடுப்பதற்குள் தெருமுனைக்கு நடந்துவிட்டாள். மாமா பின்னாலேயே ஓடினார்.

"அவனும் இங்கன இருக்கணும்னுதாங்க்கா..." என்றார்.

அம்மா படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"காலரு மடங்கிக் கெடக்கு. போட்டோ எடுக்கையில யாரும் சொல்லலையாக்கும்," என்றாள். அவ்வளவுதான்.

திரும்பி வந்து எனக்குப் பூ வைத்துவிட்டாள். ஆரத்தி எடுத்தாள். பந்தியில் ஒவ்வோர் இலையாக நின்று பாயசம் வேண்டுமா என்று கேட்டாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா பட்டுச்சேலையோடேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கொஞ்ச நேரம் கெடக்கேன் ஆத்தா," என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் ஒன்றரை வருஷம் நீண்டது. மதுரைக்குக் கூட்டிப்போய், மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் மெல்லத் தேறினாள். அதுவரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஊருக்கு முன்னால் நடித்தாள் என்று நினைத்தேன். அண்ணனுக்காகப் படுத்தவள் எனக்காக எழுந்திருக்கவில்லையே என்று நெஞ்செல்லாம் கசந்தது.

இப்போது எனக்கும் சில காலைகள் அப்படி விடிகின்றன. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கவே ஆள் தேவைப்படும். பல் துலக்குவது மலையேறுகிற வேலை. அந்த மாதிரி ஒரு காலையில்தான் அம்மா தலைக்குக் குளித்திருக்கிறாள், தெருமுனை வரை நடந்திருக்கிறாள், எனக்குப் பூ வைத்திருக்கிறாள். ஏன் திரும்பவும் படுத்தாள் என்றுதான் அன்று கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படி எழுந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.