அக்காவின் ஊரும் சேர்ந்திருந்த நாடு

சார்ப்ரூக்கனிலிருந்து அக்காவின் வீட்டுக்கு டிராமில் அரை மணி நேரம்தான். இடையில் ஜெர்மனி முடிந்து பிரான்ஸ் தொடங்கும். கவனித்துக்கொண்டிருந்தாலும் இடம் தெரியாது. கடைப் பலகைகளில் மொழி மாறும், அவ்வளவுதான்.

சண்டைக்குத் தப்பி ஊரிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வழியில் பிரித்துவிட்டான். அக்கா பாரிசில் அகதியாகப் பதிந்தாள், நான் ஜெர்மனியில். எனக்குக் கலியாணமாகி சார்ப்ரூக்கனில் வீடு எடுத்ததும் அக்கா அத்தானை நச்சரித்து, பாரிசை விட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன ஊருக்கு வந்துவிட்டாள். "ஒரே வளவுக்குள்ள இருக்கத்தான் குடுத்துவைக்கேல்லை, வேலிக்கு வேலியாவது இருப்பம்" என்றாள்.

என் கணவர் ஒரு ஆசுபத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவர். அந்த ஆசை போகவில்லை. நூலகத்திலிருந்து ஜெர்மன் புத்தகங்களை எடுத்துவந்து, அகராதியை மடியில் வைத்து வாசிப்பார். எங்கள் ஊர் இருக்கும் சார்லாந்து எத்தனை தடவை கைமாறியது என்று அவருக்கு ஒப்புவிக்கத் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்து அது கொஞ்சக் காலம் பிரான்ஸின் பிடியில், தனிக் கொடியோடு இருந்ததாம். பிறகு சனத்திடம் வாக்குக் கேட்டார்கள்: இரண்டு பக்கமும் சேராமல், ஐரோப்பாவுக்குப் பொதுவான நிலமாக இருக்கச் சம்மதமா? சனம் மாட்டோம் என்றது. சார்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்தது.

"ஓம் எண்டு சொல்லியிருந்தால்?" என்று ஒருநாள் கேட்டார். அதற்கு மறுமொழியாக ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினார். சனம் சம்மதித்த நாளிலிருந்து அந்தச் சின்ன நாட்டின் சரித்திரம். அங்கே பிள்ளைகள் இரண்டு மொழியும் படித்தார்கள். அகதிக்குக் கொடுக்கும் கடதாசி இரண்டு பக்கமும் செல்லும். எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி அக்காவின் ஊரையும் உள்ளே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை வாசித்துக் காட்டுவார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"தம்பி, அந்த நாட்டில உங்களுக்கு என்ன வேலை?"

"இதே கோப்பை கழுவிறதுதான் அக்கா."

"அதையாவது மாத்தி எழுதியிருக்கலாமே!"

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அந்த ஞாயிறுகள் நின்றுபோகவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து கேட்பாள்.

பிறகு கொரோனா வந்தது. ஒரு கிழமைக்குள் எல்லையை மூடினார்கள். டிராம் எல்லைக்கு முன்னாலேயே திரும்பியது. எங்களுடைய தெருவிலிருந்து அந்தப் பக்கம் போகும் சின்னப் பாதையில் சிவப்பு வெள்ளைத் தடுப்பு வைத்திருந்தார்கள். அக்காவின் மகள் போனில் அழுதாள். "சித்தி, அம்மா உங்களைக் கேக்கிறா. இனி மருந்து வேண்டாமெண்டு ஆசுபத்திரியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்கள்."

நானும் கணவரும் டிராம் திரும்பும் இடத்தில் இறங்கி, பெரிய வீதியில் எல்லையில் மறிக்கும் இடத்துக்குப் போனோம். நின்ற பொலிஸ்காரர் இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார். வேலைக்குப் போகிறவர்களை மட்டும் விடலாம், இல்லாவிட்டால் டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் தமிழில் கெஞ்சினேன். அவர் தலை குனிந்துகொண்டார். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம்.

கடிதம் எடுக்க இரண்டு நாள் ஆனது. அது என் போனுக்கு வந்த காலையில் அக்கா உயிரோடு இல்லை. செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்று போனது. பெட்டியை மூடும்போது நின்ற படம், மீண்டும் அசைந்தபோது அறை வெறுமையாக இருந்தது.

கோடையில் தடுப்புகளை எடுத்தார்கள். அத்தானை மகள் பாரிசுக்குக் கூட்டிப்போய்விட்டாள். பாதை திறந்தபோது அந்தப் பக்கம் எனக்கு யாருமில்லை.

அந்த மாரிக் குளிரில் ஒரு பின்னேரம் மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு அவர் எழுதுவதை நான் காணவில்லை. எடுத்து வாசித்தேன். எல்லை இல்லாத அந்த நாட்டில் நான் டிராமில் ஏறிப் போகிறேன். அக்காவின் கட்டிலில் இருக்கிறேன். அவளுடைய கை என் கைக்குள் இருக்கிறது. அப்படியே அவள் சாகிறாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலையால் வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "நாட்டையே மாத்தி எழுதிறியள். இதிலயும் அவவைச் சாகவிட்டிட்டியளே!"

அவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "புற்றுநோய் வருத்தம் எல்லையால வரேல்லை. அதை நான் எப்பிடி மாத்திறது? எல்லை இல்லாட்டில் நீர் பக்கத்தில இருந்திருப்பீர். அதை மட்டும்தான் எழுத ஏலும்."  அன்றுதான் அவர் அக்காவுக்காக அழுததைக் கண்டேன். எத்தனை ஞாயிறுகள் அவள் கையால் சாப்பிட்டவர்.

கன நாட்களாகக் கொப்பியின் அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை. போன மாதம்தான் மறுபடி எடுத்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். அக்கா கடைசியாகத் தண்ணீர் கேட்டதாகவும் நான் பருக்கியதாகவும் எழுதியிருந்தார்.

"அக்கா தண்ணி கேட்டிருக்க மாட்டா," என்றேன். "தேத்தண்ணிதான் கேட்டிருப்பா."

அவர் பேனாவை எடுத்து வெட்டித் திருத்தினார். "பால் விட்டதோ, வெறுந் தேத்தண்ணியோ?"

முன்பெல்லாம் அவள் பால் விட்டுத்தான் குடிப்பாள். எல்லை மூடிக்கிடந்த அந்தக் கடைசிக் கிழமைகளில் எப்படிக் குடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.