ஆறாம் அறையில் காத்திருந்தவர்

ஒரு பேயைப் பட்டப்பகலில் எதிரே உட்காரவைத்து, ஏழு நிமிஷம் பேசி, வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த டாக்டர் இந்தப் பூமண்டலத்திலேயே ஒருத்திதான். சேலையூர் விஷ்ணுப்ரியா. தாம்பரம் தொடங்கி செங்கல்பட்டு வரைக்கும் சிரித்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். நிமிஷக் கணக்கோடு சொல்ல முடியும்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு அன்று பேச்சுப் பரீட்சை. நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது. பத்து அறைகள். ஒவ்வொன்றிலும் நோயாளியாகவோ உறவினராகவோ நடிக்க ஒருவர். மதிப்பெண் போட ஒரு டாக்டர். மணி அடித்தால் உள்ளே. ஏழு நிமிஷத்தில் மறுபடி மணி, அடுத்த அறை. போன முறை விஷ்ணுப்ரியா ஃபெயில். அழுகிற அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துப் பேசினாளாம். இந்த முறை ஓர் அறை தவறினாலும் ஆறு மாசம் போச்சு.

2:35. மணி. ஆறாம் அறை.

கதவில் ஒரு தாள்: ‘இவருடைய கணவர் இறந்துவிட்டார். தெரிவிக்கவும்.’

உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மடியில் ஃப்ளாஸ்க். மதிப்பெண் போடும் டாக்டரைக் காணவில்லை. டீக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே மின்விசிறி பேய்த்தனமாகச் சுற்றியது. விஷ்ணுப்ரியாவின் வெள்ளைக் கோட்டு படபடத்தது. ஆனால்... அந்த அம்மாவின் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.

"வணக்கம்மா, நான் விஷ்ணுப்ரியா. உங்க பேரு?"

"காந்திமதி. உக்காரும்மா. எல்லாரும் கதவாண்டயே நின்னு பேசிட்டுப் பூடறாங்க."

உட்கார்ந்தாள். ஃபைலை மூடினாள்.

"எவ்ளோ நேரமா இருக்கீங்க?"

"தெர்ல. வந்து சொல்றேன்னாங்க..."

2:39. வெளியே ஒரு சத்தமும் இல்லை. நடிக்க வருபவர்கள் இதற்குள் வாங்கிய சம்பளத்துக்கு இரண்டு பங்கு அழுதிருப்பார்கள். இவர் அழவில்லை.

இமைக்கவும் இல்லை.

"காந்திமதிம்மா... கஷ்டமான சேதி. உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்."

கையைப் பிடித்தாள். ஐஸ்.

"அவ்ளோதானா?... இத்த சொல்லத்தானா?"

எழுந்தார். விஷ்ணுப்ரியாவும் கூடவே வாசல்வரை போனாள்.

கதவு திறந்தது.

யாரும் திறக்கவில்லை.

மணி.

2:42.

காரிடாரில்... அவள் மட்டும்.

ஏழாம் அறையிலிருந்து டாக்டர் ஜெயகிருஷ்ணன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"ஏழு நிமிஷமா உனக்காக உக்காந்திருக்கேன். ஆப்சென்ட் போட்டாச்சு!"

"ஆறாம் ரூம்ல இருந்தேன் சார்..."

அட்டெண்டர் குமரவேல் வாயைப் பிளந்தார். "ஆறுக்கு நடிக்க ஆள் வரலன்னு காலைலயே பூட்டிட்டேனே! அஞ்சு முடிச்சா நேரா ஏழுன்னு மைக்ல கத்தினாங்களே. சாவி என்னாண்டதான் கீது."

மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் காதில் மைக் விழவேயில்லை.

"ஓ, பேய்கிட்ட எக்ஸாமா? வைவாவும் உண்டா?" சார் சிரித்தார். "எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இது டாப்."

"காந்திமதின்னாங்க சார். யாரோ வந்து சொல்றேன்னு சொல்லிட்டுப் போனாங்களாம்."

சிரிப்பு நின்றது.

குமரவேல் பூட்டைத் திறந்தார். காலி நாற்காலி. கூரையில் வெறும் கொக்கி.

மின்விசிறியே இல்லை.

ஜெயகிருஷ்ணன் அந்த நாற்காலியைப் பார்த்தபடி சொன்னார்.

"பதினோரு வருஷம் முன்னாடி... ஐசியூ சொந்தக்காரங்க உக்கார்ற ரூம் இது. அந்தம்மாவோட வீட்டுக்காரர் இறந்தப்போ என் ட்யூட்டி முடியற நேரம். அடுத்து வர்ற டாக்டர் சொல்லுவார்னு கெளம்பிட்டேன். நான் சொல்லியிருப்பேன்னு அவர் இருந்துட்டார். மறுநாள் காலைல ஒருத்தர் வந்து, அவங்ககிட்ட பாடிய எப்ப எடுக்கறீங்கன்னு கேட்டிருக்கார். இங்கயே சரிஞ்சவங்கதான்... எழுந்திருக்கல."

பேனாவை எடுத்தார். ஆப்சென்ட் என்று எழுதியிருந்ததை அடித்தார்.

"நடந்துதும்மா. நீ சொன்னது நடந்துது. அந்தப் பேரை நான் இதுவரைக்கும் என் வீட்லகூட சொன்னதில்ல."