நாற்பத்தாறாம் வளைவில் நின்ற லாரி

2004 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு முப்பது. காரவள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியின் மேல் பனி இறங்கியிருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நாற்பத்தோரு பேர் நடுங்கிக்கொண்டு நின்றோம். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் மற்ற நாற்பது பேரின் வயதுதான் இருக்கும். எனக்கு அறுபத்திரண்டு.

இரண்டு கிலோமீட்டர் நீச்சல். பிறகு சமவெளியில் நாற்பத்து நான்கு கிலோமீட்டர் சைக்கிள். அதே சைக்கிளில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செம்மேடு. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டம். மதியம் மூன்றரைக்குள் முடிக்க வேண்டும். போட்டியை நடத்திய தம்பி கரையில் நின்று உரக்கச் சொன்னார்: "வண்டி ரிப்பேரானா நீங்களேதான் பாத்துக்கோணுங்க. வேற ஆளு கை வெச்சா கணக்குல இல்லீங்க."

நான் ஏன் அங்கே நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். செம்மேட்டில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1997 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, என் மனைவி எஸ்தருக்கு நெஞ்சுவலி வந்தது. நல்ல மழை. வாடகை ஜீப்பில் மலையிறங்கினோம். நாற்பத்தெட்டாம் வளைவில் ஜீப் நின்றுவிட்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஜெபித்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை. கடைசியில் ஒன்று வந்தபோது அவள் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. ஜெபிக்கவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு தேடி வந்த போதகரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். சர்க்கரை வந்தது. வைத்தியர் நடக்கச் சொன்னார். நான் சைக்கிள் மிதித்தேன். ஊர்க் கிணற்றில் பழகிய நீச்சல் மறக்கவில்லை. பேருந்து நிலையச் சுவரில் இந்தப் போட்டியின் நோட்டீஸைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது.

அன்று காலை தண்ணீரில் நின்று ஆறு வருடம் இரண்டு மாதம் கழித்து வாய் திறந்தேன். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது. மேலதிகாரிக்குக் கொடுக்கும் கடைசி மனு மாதிரி. "மூன்றரைக்குள் முடித்தால் உம்முடைய ஆலயத்தில் வந்து உட்காருவேன். முடிக்காவிட்டால் இனிமேல் உமக்கும் எனக்கும் பேச்சில்லை."

ஏரியிலிருந்து கடைசி ஆளாகக் கரையேறினேன். சமவெளிச் சாலையில் ஆறு பேரை முந்தினேன். மலைச்சாலையில் அவர்களில் நான்கு பேர் என்னை முந்தினார்கள். நாற்பத்தெட்டாம் வளைவைப் பார்க்காமல் கடந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை போகவே முடியவில்லை. நாற்பத்தாறில், பதினொன்று இருபதுக்கு, பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் ஆணி கழன்று பள்ளத்தில் விழுந்தது. வலது பெடல் தொங்கியது. தேடினேன், கிடைக்கவில்லை. சாலையோரத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். என்னை அறியாமல் அதே வார்த்தை வாயில் வந்தது. "யாரையாவது அனுப்பும்."

நான்கு நிமிடம். சிமெண்ட் மூட்டை ஏற்றிய ஒரு லாரி மேலேறி வந்து நின்றது.

"ஏனுங்க பெரியவரே, சைக்கிளுக்கு மூச்சு வாங்குதா, உங்களுக்கா?" என்று டிரைவர் தலையை நீட்டினார். சொன்னேன். "போட்டிங்களா! பரிசு எவ்வளவு?"

"பரிசு இல்லை. ஒரு மெடல்."

"அட சாமி! மெடலுக்கா இந்தப் பாடு? ஊட்டுல சொல்லீட்டுத்தான் வந்தீங்களா?"

"வீட்டில் யாரும் இல்லை."

அவர் அதற்குமேல் கேலி பேசவில்லை. டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்து ஒன்பது அடி அடித்தார். பெடல் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தொண்ணூற்றேழு நவம்பரில் எங்கே போயிருந்தாய்?" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் பயந்துபோனார். "அப்ப நான் இந்த ரோட்டுலயே இல்லீங்க. திருச்செங்கோட்டு போர்வெல் போடுற வண்டியில வடக்க இருந்தனுங்க. ஏனுங்க, என்னாச்சு?"

இரண்டு ரூபாயை நீட்டினேன். "வெச்சுக்கங்க சாமி, டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தார்.

நாற்பத்தெட்டாம் வளைவை நேராகப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மனைவிக்காகக் கேட்டபோது வராத ஆள் சைக்கிள் ஆணிக்கு வந்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? செம்மேட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தபோதுதான் விதி நினைவுக்கு வந்தது. வேறு ஆள் கை வைத்தால் கணக்கில் இல்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை. லாரியும் போய்விட்டது.

மூன்று இருபத்திரண்டுக்கு முடித்தேன். எட்டு நிமிடம் மிச்சம். கழுத்தில் மெடலைப் போட்டு, "கலக்கிட்டீங்க ஐயா!" என்று கைதட்டினார்கள்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மெடலை வைத்துக்கொள்ள வேண்டுமானால், வழியில் யாரும் வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். யாரும் வரவில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையாக இருந்தது. இன்றைக்கு அது பொய்.

மேஜைக்குப் போய்ச் சொன்னேன். "நாற்பத்தாறாம் வளைவில் ஒருவர் வந்தார். ஜெபித்தேன், வந்தார்."

அந்தத் தம்பிக்குச் சங்கடம். "ஐயா, இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க."

"சொல்லத்தான் வேண்டும்."

மெடலைக் கழற்றிக் கொடுத்தேன். முடித்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அதுதான் ஆண்டவரைப் பற்றி நான் சொன்ன முதல் சாட்சி. கேட்டவர்கள் மூன்று பேர்.

போட்டிக் கணக்கில் நான் முடிக்கவில்லை. என் மனுவின்படி நான் ஆலயத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். கூப்பிட்டதற்கு ஒருவர் வந்த பிறகு, பேச்சில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. லாரி வந்ததோடு சாட்சியை முடித்துக்கொள்ளலாமே, மீதி சபையாரைக் குழப்பும் என்றார் போதகர். குழம்பட்டும்.

சகோதரரே, சகோதரிகளே, எஸ்தருக்கு ஏன் யாரும் வரவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் யாராவது விளக்க வந்தால் எழுந்து போய்விடுவேன். ஆனாலும் சொல்கிறேன்: கேளுங்கள். பெரியதற்கு வராதது சிறியதற்கு வந்தால் மனம் கசக்கும். கசந்தாலும், வந்ததை வரவில்லை என்று சொல்லாதீர்கள். எனக்கு வந்தது. அதற்கு ஸ்தோத்திரம்.

நான் இங்கே வந்து சேர ஆன செலவு இது: பழைய சைக்கிள், டயர், நுழைவுக் கட்டணம், குளுக்கோஸ் எல்லாம் சேர்த்து 2,248 ரூபாய். டிரைவர் வாங்காத இரண்டு ரூபாயைக் காணிக்கைப் பையில் போட்டேன். 1997-இல் பாதி வழியில் நின்ற ஜீப்புக்குக் கொடுத்த வாடகை 400. அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஆக மொத்தம் 2,650 ரூபாய்.